நெய்வேலி சாரின் லெனின்கிராட்

"அன்பர்களே, என் குரல் தங்கள் செவிகளில் தெளிவாக விழுகிறதா?" என்று ஒரு ரஷ்யப் பெண் காதுக்குள்ளேயே வந்து கேட்டால் யாருக்குத்தான் சிலிர்க்காது. அஞ்சலாட்சிக்குச் சிலிர்த்தது. நல்லா விழுதும்மா, என்று வாய்விட்டே பதில் சொல்லிவிட்டாள். அப்புறம்தான் நினைப்பு வந்தது, காதில் மாட்டிவிட்டிருக்கிற இந்தப் பொடிக் கருவிக்குச் சொல்லத்தான் தெரியும், கேட்கத் தெரியாது. பெண்ணின் பேர் லீதியா. இதே பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவளாம். படித்த தமிழ் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி மொடமொடவென்று நிற்கிறது, ஒரு மடிப்புக் கலையவில்லை. மைக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் முன்னால் நடக்க, பின்னால் சென்னை டூர் கம்பெனியோடு வந்த ரிட்டயர்டு கூட்டம். பெண்டுகள் எல்லாம் புடவைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ, மேலே ஸ்வெட்டர். ஆண்கள் எல்லாம் கம்பெனி கொடுத்த மஞ்சள் குல்லாவை ஒரே மாதிரி காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு. ஜூன் மாசமாம் இது, வெயில் காலமாம், நல்லா சொன்னார்கள் போ. ஆற்றுப் பக்கமிருந்து வருகிற காற்றில் பல் கிட்டிக்கொள்கிறது. "அண்ணாந்து நோக்குங்கள், இதுவே தூய ஈசாக் பேராலயம். தாங்கள் காணும் குவிமாடத்தின் மேல் பூசப்பட்டிருப்பது மெய்யான பொன்." அண்ணாந்தாள். அடேயப்பா. மேகத்துக்கு நடுவில் அது பாட்டுக்கு ஒரு சூரியன் உட்கார்ந்திருக்கிறது. கீழே செவ்வரி ஓடிய கல்தூண்கள், ஒவ்வொன்றும் ஒரே கல், இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாது போல. இதையெல்லாம் எப்படித் தூக்கினார்கள், எவன் பெற்ற பிள்ளைகள் தூக்கினார்கள். பக்கத்தில் பொள்ளாச்சி துளசிமணி, "நெசமாத் தங்கமுங்களா, நம்ம ஊரா இருந்தா சுரண்டிட்டுப் போயிருப்பானுங்க" என்கிறாள். அஞ்சலாட்சி சிரித்துக்கொண்டே தன் கையில் பிடித்திருந்த வீட்டுக்காரரின் ஸ்வெட்டர் நுனியை மெல்ல இழுத்தாள். "ஏங்க, பாருங்க, தங்கம்." அவர் பார்த்தார். "ம்" என்றார்.

இந்த "ம்" எந்த "ம்" என்பதுதான் இப்போதெல்லாம் அவளுக்குப் பெரிய ஆராய்ச்சி. ஒரு "ம்" உண்டு, பவர் ஹவுஸில் முப்பது வருஷத்துக்கு மேல் பாய்லரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த மனுஷனின் "ம்", எல்லாம் பார்த்தாயிற்று, மேலே சொல்லு என்கிற மாதிரி. இன்னொன்று வெறும் மூச்சு. யாரோ ஏதோ கேட்கிறார்கள், மரியாதைக்கு ஒரு சத்தம் கொடுத்து வைப்போம் என்று வருவது. இப்போது வந்தது முதல் ரகம்தான், முதல் ரகம்தான், குரலில் கனம் இருந்தது. இல்லை, அப்படி நினைத்துக்கொள்கிறாளா. காலையில் ஹோட்டலில், கம்பெனி சமையல்காரர் அவித்த இட்லித் தட்டை முன்னால் வைத்ததும், "நீங்க சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டாரே. நீங்களாம், அம்மாவாம். கட்டின நாளிலிருந்து 'ஏய்', 'இவளே', கோபம் வந்தால் 'போடி' என்று கூப்பிட்ட வாய். துளசிமணி எதிரில் உட்கார்ந்திருந்தாள். "பாருங்க, உங்க சார் எவ்வளவு மரியாதையா பேசறாரு, எங்க வூட்லயும் இருக்குதே ஒண்ணு" என்று மெச்சிக்கொண்டாள். அஞ்சலாட்சியும் ஆமாங்க என்று பல்லைக் காட்டி வைத்தாள். யாரோ ஒரு அம்மா என்று நினைத்துத்தான் கேட்டார் என்பது அவளுக்குத்தான் தெரியும். மறதி என்று கடலூர் டாக்டர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். கூடிக்கொண்டேதான் போகும், எங்காவது கூட்டிப்போவதாக இருந்தால் இப்பவே போயிட்டு வந்துடுங்க என்றார். பெங்களூரில் இருக்கிற மகன் வேறு கணக்குப் போட்டு வைத்திருந்தான். கோயம்புத்தூர் பக்கம் ஒரு இடமாம், மறதிக்காரர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம், தோட்டமெல்லாம் இருக்காம், அங்கே அப்பா, பெங்களூரில் அம்மா. எவ்வளவு சுலபமாகப் பிரித்துவிட்டான், பழைய பீரோவையும் கட்டிலையும் பிரிக்கிற மாதிரி. அவள்தான் மல்லுக்கு நின்றாள். நான் இவரை ரஷ்யாவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு முழுசா வரேன், வந்துட்டா எங்களை எங்க வீட்டுலயே விட்டுடு. அவன் சிரித்தான். ஒரே ஒரு தடவை அப்பா தொலைஞ்சாருன்னு கேள்விப்பட்டாலும் அப்புறம் நான் சொல்றதுதான்மா, என்றான். சரிடா என்றாள். டூர் மேனேஜர் ஜெயசீலன் போனில், சாருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே மேடம் என்று கேட்டபோது, சர்க்கரை மட்டும்தான் தம்பி என்று சொன்னதும் இதே வாய்தான். சொன்னால் கூட்டி வருவானா. அதனால் ஸ்வெட்டர் நுனியை விடக்கூடாது, அவ்வளவுதான். மாஸ்கோ முழுக்க விடவில்லை. இந்த ஊரைத் தாண்டிவிட்டால் விமானம், விமானத்துக்குப் பிறகு வீடு.

"இச்சதுக்கத்தில்தான், முற்றுகைக் காலத்தில், எம் மக்கள் முட்டைக்கோசு பயிரிட்டனர்" என்றாள் காதுக்குள் லீதியா. அஞ்சலாட்சி சட்டென்று நின்றுவிட்டாள். இந்தத் தங்கக் கோபுரத்துக்கு முன்னாலா? ஆமாம், எதிரி ஊரைச் சுற்றி வளைத்துக்கொண்டானாம், தின்ன ஒன்றும் உள்ளே வரவில்லையாம், பொன் மாடத்தில் குண்டு விழாமல் இருக்கச் சாம்பல் நிறச் சாயம் அடித்துவிட்டு, கோயில் வாசலில் கோசு போட்டார்களாம். அதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் செந்தமிழ் கொஞ்சம் தடுக்கியது. அவள் வீட்டில் யார் யார் போனார்களோ. கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. இப்படிப்பட்ட ஜனங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். தங்கத்தைச் சாம்பலாக்கிக் காப்பாற்றி மறுபடி தங்கமாக்கி நம் கண்ணுக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள், சும்மா சொல்லக்கூடாது. நடந்தார்கள். குதிரைமேல் ராஜா சிலை, இந்த ஊரையே சதுப்பு நிலத்திலிருந்து எழுப்பினவராம். குதிரை பாய்கிற அந்தப் பாறையை உறைபனியின்மேல் செம்புக் குண்டுகளை உருட்டி உருட்டி நகர்த்திக்கொண்டு வந்தார்கள் என்றதும், ஹோட்டலை விட்டுக் கிளம்பினதிலிருந்து முதல் தடவையாக அவர் தானாக வாயைத் திறந்தார். "பேரிங்" என்றார். "பால் பேரிங். அதேதான். இவனுங்க அப்பவே பண்ணிட்டானுங்க." அஞ்சலாட்சிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாரடா மகனே, இவரையா தோட்டத்தில் கொண்டுபோய் உட்காரவைக்கப் போகிறாய். அப்புறம் ஆறு. நேவா. ஐயோ, அது ஆறா. கொள்ளிடம் இரண்டு கரையும் தொட்டு வருகிற ஆடியில்கூட இப்படி ஒரு நிதானம் கிடையாது. தண்ணீர் இரும்பு நிறத்தில் கனமாக, அவசரமே இல்லாமல், அக்கரையில் ஒரு ஊசிக் கோபுரத்தைக் குப்புறக் காட்டிக்கொண்டு போகிறது. கரை நெடுக மஞ்சளும் பச்சையும் இளஞ்சிவப்புமாக அரண்மனைகள், ஒன்றைவிட ஒன்று உயரமாகப் போகாமல் தோளோடு தோள். இதைத்தான் அவர் கல்யாணமான புதுசில் சொல்லுவார். நெய்வேலியில் அப்போது ரஷ்யக்காரர்கள் குடியிருந்த காலம். வாசிலி என்று ஒரு இன்ஜினியர், லெனின்கிராட்காரர், அப்போது இந்த பீட்டர்ஸ்பர்க்குக்கு அதுதான் பேர், இவருக்குச் சிநேகம். வீட்டுக்கு வந்தால் மிளகாய் பஜ்ஜியைக் கண்ணில் தண்ணீர் வழிய வழியத் தின்பார், இன்னொன்று கேட்பார். எங்கள் ஊரில் ராத்திரியில் பாலங்கள் எழுந்து நின்று கப்பலுக்கு வழிவிடும் என்பார். கோடையில் சூரியன் தூங்கப் போகாது என்பார். வாசிலி ஊர் திரும்பிப் போன பிறகும் இவர் வேலை முடிந்து வருவார், நிலக்கரித் தூள் மூக்குவரை அப்பியிருக்கும், வெந்நீர் எடுத்து வைத்தால் குளிக்காமல் பேசிக்கொண்டே நிற்பார். ஒருநாள் உன்னை லெனின்கிராடுக்குக் கூட்டிட்டுப் போறேன் பாரு. ஆமா, கடலூருக்கே கூட்டிட்டுப் போக வழியைக் காணோம், என்பாள் அவள். அப்போது சிரித்த சிரிப்பு. அந்த முகம். இப்போது அதே ஆற்றங்கரையில் நிற்கிறார், அதே முகம்தான், மேலே மஞ்சள் குல்லா. தெரிகிறதா அவருக்கு, இது அந்த ஊர் என்று தெரிகிறதா. "ஏங்க, வாசிலி சார் ஊருங்க இது." "ம்." இது எந்த ரகம்.

கேட்டுக்கொண்டே இருந்திருக்கக் கூடாது. பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். தோட்டத்து வழியாக நடந்தார்கள், இடதுபுறம் கடற்படை மாளிகை, அதன் உச்சியில் பொன் ஊசி, ஊசி நுனியில் ஒரு குட்டிக் கப்பல். அதைப் பார்க்கக் கழுத்தை வளைத்தபோது ஷூ கயிறு அவிழ்ந்து மிதிபட்டது. குனிந்து ஒரு கையால் முடிச்சுப் போட முடியுமா, முடியாது, புடவை வேறு காலைத் தடுக்கிறது, இரண்டு கையும் வேண்டியிருந்தது. நிமிர்ந்ததும் முன்னால் மஞ்சள் குல்லா, கைக்கெட்டும் தூரத்தில் ஸ்வெட்டர். பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு நிம்மதியாக நடந்தாள், அதுதான் கொடுமை. அந்தக் கப்பலை நினைத்துக்கொண்டு, ஊருக்குப் போனதும் கூடத்துச் சுவரில் இந்த ஆற்றுப் படம் ஒன்று மாட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள். திருப்பத்தைத் தாண்டியதும் ஆகாசம் அப்படியே அகலமாகத் திறந்துகொண்டது. அரண்மனைச் சதுக்கம். ஒரு பக்கம் பச்சையும் வெள்ளையுமாக ராஜா வீடு, கூரைமேல் வரிசையாகச் சிலைகள் நின்று நம்மை வேடிக்கை பார்க்கின்றன. எதிர்ப்பக்கம் வில்லாக வளைந்த மஞ்சள் கட்டடம். நடுவில் ஒற்றைக் கல்தூண், ஆகாசத்தை எட்டி. கண்ணுக்கு எவ்வளவுதான் ஒரு நாளைக்குத் தாங்கும். "ஏங்க, பாருங்களேன்" என்று ஸ்வெட்டரை இழுத்தாள். திரும்பியது துளசிமணியின் வீட்டுக்காரர். "என்னங்க அம்மணி?" என்றார் அந்த மனுஷர், பாவம், பயந்துபோய்.

காலுக்குக் கீழே தரை இல்லை. எத்தனை நேரமாக. கயிறு கட்டினபோதா, அதற்கு முன்னாலா. முன்னால் பார்த்தாள், மஞ்சள் குல்லா. பின்னால் பார்த்தாள், மஞ்சள் குல்லா. இந்தப் பாழாய்ப்போன குல்லாவை எவன் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் வாங்கினான், தொலையாமல் இருக்கத்தானே வாங்கினான். ஒவ்வொரு முகமாக எட்டிப் பார்த்தாள். இவர் இல்லை, இவர் இல்லை. காதுக்குள் லீதியா நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், "நடுவில் தாங்கள் காணும் கருங்கல் தூண் எதனோடும் பிணைக்கப்படவில்லை. தன் கனத்தாலேயே நிற்கிறது. அக்காலப் பெருமாட்டிகள் அது விழுந்துவிடுமோ என அஞ்சி அதன் அருகே செல்ல மறுத்தனராம்." ஆறு அங்கே, அந்தக் கரையில் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், இடுப்பளவு இருக்குமா. கார்கள் அந்தப் பக்கம் என்ன வேகத்தில் போயின. அவருக்கு ஊர் பேர் தெரியாது, ஹோட்டல் பேர் தெரியாது, போன் தன் பையில். பேரும் ஹோட்டலும் எழுதின கழுத்து அட்டையைக் காலையில் எங்கே கழற்றி வைத்தாரோ. ஜெயசீலனிடம் சொல்லலாம். சொன்னால் முதலில் மகனுக்குத்தான் போன் போடுவான், அவசரத்துக்கு அந்த நம்பரைத்தான் கொடுத்திருக்கிறாள். சொல்லாமல் தானே தேடினால். தேடுகிற நேரத்தில் இன்னும் தூரம் போய்விட்டால். தோட்டம் வைத்த இடத்தில் அவர் காலையில் எழுந்து பார்ப்பார், யாரோ ஒரு வெள்ளைச் சேலை இட்லி நீட்டும், நீங்க சாப்பிட்டீங்களாம்மா என்பார், அவளும் சாப்பிட்டேன் என்பாள், தீர்ந்தது கதை. போகட்டும். எங்கே வேண்டுமானாலும் போகட்டும், உயிரோடு கண்ணில் படட்டும். ஓடினாள். இந்த வயசில், இந்த முட்டியோடு, கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் ஓடிப்போய் லீதியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரரைக் காணோம்மா."

லீதியா பதறவில்லை. நல்ல பெண். "அஞ்ச வேண்டாம் அம்மையீர். அவர் செவியில் கருவி உள்ளதன்றோ? தங்கள் கணவரின் பெயர் யாது?" என்றாள். அஞ்சலாட்சி வாயைத் திறந்தாள். வாய் திறந்தது, பேர் வரவில்லை. இது மறதி இல்லை, பேர் நாக்கு நுனியில்தான் நிற்கிறது, ஐம்பது வருஷமாக அங்கேயேதான் நிற்கிறது, ஒரு நாளும் வெளியே வந்ததில்லை. அவள் அம்மா சொன்னதில்லை, மாமியார் சொன்னதில்லை, புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று எவள் சொல்லி வைத்தாளோ, ஆஸ்பத்திரியில் கேட்டால் மகனைப் பார்ப்பாள், மகன் சொல்லுவான். போன மாசம் கோயிலில் ஐயர் அர்ச்சனை யார் பேருக்கு என்றார். எப்போதும் இவர்தான் சொல்லுவார். அன்றைக்கு இவர் விழித்துக்கொண்டு நின்றார், தன் பேர் தனக்கே வரவில்லை. அவளுக்கு வந்தது, சொல்ல முடியவில்லை. சாமி பேருக்கே பண்ணிடுங்க என்று தட்டைக் கொடுத்துவிட்டாள். அவருக்காக ஒரு பேரைக்கூடச் சொல்லாமல் வந்தோமே என்று வழியெல்லாம் அறுத்தது. இப்போது லீதியா மைக்கைக் கழற்றி அவள் வாய்க்கு நேரே பிடித்தாள். "தாங்களே அழையுங்கள். தங்கள் குரலை அவர் அறிவார்." அஞ்சலாட்சி மைக்கைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். "ஏங்க." சதுக்கத்தில் இருந்த அத்தனை மஞ்சள் குல்லாவும் ஒருசேரத் திரும்பின. என்ன என்ன என்று எல்லாப் புருஷன்மார்களும் தத்தம் பெண்டாட்டியைப் பார்த்தார்கள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே முட்டியது. ஆயுசாவது குறைவதாவது, இருக்கிற ஆயுசை இப்படித் தொலைத்துவிட்டு நின்றால் யாருக்கு என்ன லாபம். "தில்லைநாயகம்" என்றாள். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை சத்தமாக வந்தது. "தில்லைநாயகம், எங்க இருக்கீங்க தில்லைநாயகம்?" எவ்வளவு நல்ல பேர். வாய் நிறைய வருகிறதே. ஜெயசீலன் மூச்சிரைக்க ஓடிவந்தான், "என்ன மேடம், நெய்வேலி சாரா, இங்கதானே எங்கயாவது போட்டோ எடுத்துட்டு நிப்பாரு" என்றான். "போட்டோ இல்ல தம்பி. எங்க வீட்டுக்காரருக்கு மறதி. ரெண்டு வருஷமா. சொன்னா கூட்டிட்டு வரமாட்டீங்கன்னு மறைச்சுட்டேன். அவருக்கு வழி தெரியாது, நான் இல்லாம ஒண்ணும் தெரியாது. எப்படியாவது தேடிக் குடுங்க." மைக் கையிலேயே இருந்தது. எல்லோர் காதிலும் விழுந்தது. துளசிமணி வாயில் கையை வைத்துக்கொண்டாள். விழட்டும். மகன் காதிலும் விழட்டும். இன்றைக்குச் சாயந்தரம் அவளே அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவாள், தொலைந்தார் என்று சொல்லுவாள், எப்படித் தேடினேன் என்றும் சொல்லுவாள், அப்புறம் அவன் பேசட்டும் பார்க்கலாம்.

"அதோ" என்றாள் லீதியா. அவள் உயரம் அப்படி. தூணடியில், சுற்றுக் கம்பிக்குப் பக்கத்தில், குல்லாவைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, வெள்ளைத் தலை காற்றில் பறக்க, தூண் உச்சியில் சிலுவை பிடித்த தேவதையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அவர். அத்தனை பெரிய சதுக்கத்தில் அவ்வளவு சின்னதாக, ஆனால் நிற்கிற நிலையைப் பார், டர்பைன் முன்னால் நிற்கிற அதே நிலை, இரண்டு காலையும் அகட்டி, இடுப்பில் ஒரு கை. மனுஷர் தொலைந்தவர் மாதிரியே இல்லை. ஊரே அவருடையது மாதிரி நிற்கிறார். அஞ்சலாட்சி மற்றவர்களைக் கையமர்த்திவிட்டுத் தனியாக நடந்தாள்.  பக்கத்தில் போய் நின்றாள். திரும்பிப் பார்த்து என்ன சொல்லப்போகிறாரோ, வாங்கம்மா என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது, சொன்னால் சொல்லட்டும், வாங்கம்மா என்று சொன்னாலும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகவேண்டியது தானே. "ஏங்க" என்றாள்.

அவர் திரும்பினார். முகம் கடுகடுவென்று இருந்தது. "எங்கடி போன? எவ்வளவு நேரமா நிக்கிறேன். லெனின்கிராடைக் காட்டணும்னு கூட்டிட்டு வந்தா நீ பாட்டுக்கு எங்கயோ போயிடற."  அவள் இந்தத் தடவை ஸ்வெட்டர் நுனியைத் தேடாமல் அவர் கையையே பிடித்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது. அவர் காதிலிருந்த கருவியைத் தொட்டுக் காட்டி, குரலைத் தாழ்த்தினார். "இதுல ஒரு அம்மா பேசினாங்க, கேட்டியா? அவங்க வீட்டுக்காரரைக் காணோமாம். அவருக்கும் தில்லைநாயகம்னுதான் பேராம். மறதியாம் பாவம். அந்தம்மா குரலைக் கேக்கவே முடியல, அப்படித் தவிச்சுப் போயிட்டாங்க. நீ வரட்டும்னுதான் நின்னேன். வா, நாமளும் தேடிக் குடுப்போம்."

"கெடைச்சுட்டாருங்க" என்றாள் அஞ்சலாட்சி.